குறுக்கிடும் கோடுகள்
கணினிச் சித்திரத்தில் விளிம்புள்ள பட்டைகளை ஒழுங்குபடுத்தும் முறை

கோடுகள் குறுக்கிடும் இடத்தின் அருமையை நெசவாளரும் விவசாயியும் அறிந்த அளவுக்குப் பிறர் அறிவது அரிது. பாவிழையின்மேல் ஊடையிழை செல்கிறதா, அடியில் செல்கிறதா என்பதைப் பொறுத்தே துணியில் பூ அமைகிறது. ஒரு வாய்க்கால் மற்றொன்றோடு கலக்கிறதா, அதன்மேல் கடந்து போகிறதா என்பதைப் பொறுத்தே கடைமடை வயலுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. தொழிலில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், அதே கோடுகளைக் கணினியில் வரையும்போது இவ்விஷயத்தில் கவனம் குறைந்துவிடுகிறோம்.

இப்போது சேலைக் கரையின் டிசைன், விளைபொருள் பைகளின் லேபிள், பாசன வரைபடம், சங்கத்தின் பெயர்ப்பலகை ஆகிய பலவும் கணினியிலேயே வரையப்படுகின்றன. இவற்றில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று உண்டு. இருபுறமும் விளிம்புள்ள இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று கடக்குமிடத்தில், வேண்டாத விளிம்புக் கோடுகள் குறுக்கே ஓடிச் சித்திரத்தைச் சிக்கலாக்கிவிடும். அச்சகத்திற்கும் அட்டை வெட்டுவோருக்கும் போன பிறகு இக்குறை தெரியவந்தால், செலவு சங்கத்தின் பொதுப்பணத்தில் விழும். இக்குறை எங்ஙனம் நேர்கிறது, எங்ஙனம் நீக்குவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. கோடும் அதன் பருமனும்

கணினிச் சித்திரங்கள் இருவகைப்படும். புகைப்படம் போன்றவை, சிறு புள்ளிகளை நெருக்கமாக அடுக்கி ஆனவை. நாம் இங்கு பேசுவது இரண்டாம் வகையான வெக்டார் சித்திரம். இதில் கணினி புள்ளிகளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்னும் கணக்கையே வைத்துக்கொள்கிறது. ஆகவே எத்துணைப் பெரிதாக்கினும் கோடு மங்குவதில்லை. இவ்வளைவுகளின் கணக்கைப் பிரான்சு தேசத்து மோட்டார் தொழிற்சாலைகளில் பணியாற்றியவர்கள் வகுத்தனர். சித்ரோவன் நிறுவனத்தின் பால் தெ காஸ்தெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியேயும் அவர்களில் முதன்மையானவர்கள். பின்னவரின் பெயராலேயே அவை பெசியே வளைவுகள் என வழங்குகின்றன.

இவ்வேலைக்கான மென்பொருள்களில் இல்லஸ்ட்ரேட்டர் 1987-ஆம் ஆண்டிலும், நம் அச்சகங்கள் பலவற்றில் காணப்படும் கோரல்டிரா 1989-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 2003-ஆம் ஆண்டில் தோன்றிய இங்க்ஸ்கேப்பை விலையின்றிப் பெற்று, எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். சிறு சங்கத்திற்கு ஏற்றது இதுவாதலின், இப்பாடத்தில் இதனையே முதன்மையாகக் கொள்வோம்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இது: நாம் வரையும் கோட்டிற்குப் பருமன் இல்லை. அது நிலத்தை அளப்பவர் இழுத்துக் கட்டும் கயிற்றைப் போன்றது. அதனை நடுக்கோடு என்போம். மென்பொருளில் அதன் பெயர் பாத். திரையில் நாம் காணும் பருமன், அந்நடுக்கோட்டிற்கு உடுத்திய ஆடையே. அதன் பெயர் ஸ்ட்ரோக். 6 மில்லிமீட்டர் பருமன் கொடுத்தால், நடுக்கோட்டிற்கு இப்புறம் 3, அப்புறம் 3 எனச் சரிபாதியாக அது பரவும். ஆடையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கயிறு இருந்த இடத்தில் இருக்கும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவருக்குப் பின்வரும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

2. விளிம்புள்ள பட்டை

இருபுறமும் கரிய விளிம்பும் நடுவில் வெளிர் நிறமும் உடைய பட்டையை எங்ஙனம் அமைப்பது? விளிம்புகளைத் தனித்தனிக் கோடுகளாக வரைவது வீண் உழைப்பு. ஒரே நடுக்கோட்டை இருமுறை வைக்க வேண்டும். அடியில் 6 மில்லிமீட்டர் பருமனில் கரிய நிறம். அதன்மேல் 4 மில்லிமீட்டர் பருமனில் வெளிர் நிறம். மேலுள்ளது மறைத்தது போக, இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் கரிய நிறம் விளிம்பாக எஞ்சும். அடியிலுள்ளதை அடிப்பட்டை என்றும், மேலுள்ளதை உள்பட்டை என்றும் அழைப்போம்.

கணினி சித்திரத்தைத் தீட்டுவது சுவரில் சுண்ணாம்பு பூசுவது போன்றது. வரிசையில் முதலில் உள்ளதை முதலில் பூசும். அடுத்ததை அதன்மேல் பூசும். பின்னது முன்னதை மறைக்கும். ஒரு பட்டையை அடியும் உள்ளுமாக முழுவதும் முடித்துவிட்டு, அதன் குறுக்கே இரண்டாவது பட்டையை அவ்வாறே முழுவதும் வைத்தால், இரண்டாவதன் கரிய விளிம்புகள் முதலாவதன் வெளிர் நடுவை வெட்டிக்கொண்டு செல்லும். காண்பவர் கண்ணுக்கு இரண்டாவது பட்டை முதலாவதன்மேல் பாலமாகப் போவதாகவே தோன்றும். பாலமே நம் கருத்தாயின் குறையில்லை. கலப்பு நம் கருத்தாயின் சித்திரம் பொய் சொல்கிறது.

3. குறுக்கீடு மூவகை

ஆகவே கணினியைத் தொடுமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இவ்விடத்தில் இவ்விரு பட்டைகளுக்கும் உள்ள உறவு யாது? விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, கடத்தல். ஒன்று மேலே போகிறது, மற்றொன்று அடியில் போகிறது, இரண்டும் கலப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலம் இதற்குச் சான்று. 1966-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அப்பாலத்தில், பறளியாற்றுக்கு மேலே சுமார் 115 அடி உயரத்தில் பாசன நீர் செல்கிறது. ஆற்று நீர் வேறு, தொட்டி நீர் வேறு.

இரண்டாவது, கலத்தல். இரண்டும் ஒரே மட்டத்தில் கூடுகின்றன அல்லது பிரிகின்றன. இடையில் விளிம்பு இருத்தல் ஆகாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரியும் இடத்தை வரைபவர், தண்ணீர் செல்லும் வழியின் குறுக்கே கரைக்கோடு இழுப்பாரானால், அணையடைத்ததாகவே பொருள்படும்.

மூன்றாவது, பின்னல். ஒரே பட்டை ஓரிடத்தில் மேலாகவும், அடுத்த இடத்தில் அடியாகவும் மாறி மாறிச் செல்கிறது. இதனை நெசவாளருக்கு விளக்கவேண்டியதில்லை. சேலைக் கரையில் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் இரட்டைக் கொடி இவ்வகையைச் சேர்ந்தது.

மூவகையையும் மயக்கிவிட்டால் விளைவு அற்பமன்று. முறைப்பாசனத்தைப் பற்றி இரு ஊராருக்குள் வழக்கு எழுந்து, சங்கத்தின் வரைபடத்தை விரித்துப் பார்க்கும் நாளில், கடத்தலைக் கலத்தலாகக் காட்டும் படம் சமாதானத்திற்கு உதவாது, சண்டையை வளர்க்கும்.

4. மூன்றுக்கும் உரிய முறைகள்

கடத்தலுக்குரிய முறை எளிது. ஒவ்வொரு பட்டையின் அடிப்பட்டையையும் உள்பட்டையையும் ஒரு குழுவாகக் கட்டிவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் இரண்டையும் தேர்ந்து கண்ட்ரோல் விசையோடு ஜி விசையை அழுத்தினால் குழுவாகும். மேலே போகவேண்டிய குழுவைத் தேர்ந்து ஹோம் விசையை அழுத்தினால் எல்லாவற்றிற்கும் மேலே வரும். எண்டு விசையை அழுத்தினால் அடியில் போகும். பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் ஒவ்வொரு படியாக உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும்.

கலத்தலுக்கு வரிசையை மாற்றி அமைக்க வேண்டும். பட்டைக்குப் பட்டை முடிப்பதை விடுத்து, எல்லாப் பட்டைகளின் அடிகளையும் முதலில் பூசி, அவை முடிந்த பின்னரே எல்லா உள்பட்டைகளையும் பூசவேண்டும். அப்போது எந்தக் கரிய விளிம்பும் எந்த வெளிர் நடுவையும் வெட்டமாட்டாது. சந்திகள் தாமே திறந்துகொள்ளும். செய்யும் விதம் வருமாறு:

(அ) எல்லா நடுக்கோடுகளையும் ஒரே லேயரில் வரைந்து, ஒரு குழுவாக்கி, 6 மில்லிமீட்டர் கரிய பருமன் கொடுங்கள்.

(ஆ) அக்குழுவைக் கண்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்திப் படி எடுங்கள். படியை மேலுள்ள வேறொரு லேயருக்கு மாற்றுங்கள்.

(இ) படிக்கு 4 மில்லிமீட்டர் வெளிர் பருமன் கொடுங்கள்.

கிளை வாய்க்கால் பிரியுமிடத்தில் அதன் நடுக்கோட்டைத் தாய் வாய்க்காலின் கரையோடு நிறுத்திவிடாமல், தாயின் நடுக்கோடு வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கரையோடு நிறுத்தினால் உள்பட்டை முழுவதும் சேராது, வாயில் கரிய அடைப்பு நின்றுவிடும்.

இல்லஸ்ட்ரேட்டர் பயன்படுத்துவோர் படி எடுக்க வேண்டியதில்லை. நடுக்கோடுகளுக்குத் தனித்தனியே பருமன் கொடாமல், அவை அடங்கிய குழுவைக் குறிவைத்து, அப்பியரன்ஸ் பலகையில் அக்குழுவுக்கே இரண்டு ஸ்ட்ரோக் கொடுத்தால் போதும்: அடியில் தடித்த கரியது, மேலே மெல்லிய வெளிரியது. அதன் பிறகு அக்குழுவில் எத்தனை கோடு சேர்த்தாலும் சந்திகள் தாமே கலக்கும்.

ஒரே படத்தில் கலத்தலும் கடத்தலும் வருமாயின், தரைமட்டத்துப் பட்டைகளை மேற்கூறியவாறு முடித்து, தொட்டிப்பாலத்தை மட்டும் அடியும் உள்ளுமாக அவற்றிற்கு மேலே தனிக் குழுவாக வைக்கவேண்டும். 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, உலகெங்கும் தொண்டர்கள் கூடித் தொகுத்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தில் சாலைகளும் பாலங்களும் இம்முறையிலேயே தீட்டப்படுகின்றன.

பின்னலுக்கு இவ்விரண்டும் போதா. ஏனெனில் ஒரே பட்டையை ஒரே சமயத்தில் மேலும் கீழும் வைக்க இயலாது. ஆதலின் முதலில் கடத்தல் முறைப்படி ஒரு பட்டையை முழுவதும் மேலே வையுங்கள். பின்னர், எந்தெந்தக் குறுக்கீட்டில் அடிப்பட்டை மேலே வரவேண்டுமோ, அங்கங்கே அதன் சிறு துண்டு ஒன்றைப் படியெடுத்து எல்லாவற்றிற்கும் மேலே ஒட்டுங்கள். துண்டின் முனைகள் வட்டமாக இல்லாமல் நேராக வெட்டியவையாக இருக்கட்டும். துண்டின் உள்பட்டையை அடிப்பட்டையைவிட ஒரு மயிரிழை நீளமாக விட்டால், ஒட்டின் தடம் தெரியாது. குறுக்கீடுகள் மிகப் பலவாயின், இங்க்ஸ்கேப்பின் பாத் எஃபெக்ட்ஸ் பகுதியிலுள்ள நாட் என்னும் வசதி, அடியில் செல்லும் கோட்டில் தானே இடைவெளி விடும். குறுக்கீட்டிலுள்ள பிடியைச் சொடுக்கி மேல் கீழை மாற்றிக்கொள்ளலாம்.

5. ஒளி ஊடுருவும் நிறங்கள்

நிறத்தைப் பாதி ஊடுருவுமாறு வைத்தால் அழகு கூடும் எனக் கருதுவோர் உளர். ஆயின் 50 சதவீதக் கருமையுடைய இரு பட்டைகள் குறுக்கிடும் சதுரத்தில் கருமை 75 சதவீதமாகிவிடும். விரும்பாத மூன்றாம் நிறம் ஒன்று அங்கே பிறக்கும். இதற்குப் பரிகாரம், பட்டைகளை முழு நிறத்தில் வைத்து, குழுவாக்கி, ஊடுருவும் தன்மையைக் குழுவுக்கு மட்டும் கொடுப்பதாகும். அப்போது குழு முழுவதும் ஒரே நிறமாக 50 சதவீதத்தில் தோன்றும்.

தறிக்குச் செல்லும் டிசைனில் இதனை அறவே தவிர்த்தல் நன்று. 1804-ஆம் ஆண்டில் ஜக்கார்டு என்பார் அமைத்த தறி முதல் இன்றுவரை, அட்டையில் துளை உண்டு அல்லது இல்லை. இழை தூக்கப்படும் அல்லது தூக்கப்படாது. பாதித் துளை என்பது கிடையாது. சித்திரத்தைக் கட்டங்களாக மாற்றும்போது, மேற்பொருந்திய இடத்தின் நிறம் தனி நிறமாகக் கணக்கிடப்பட்டு, வேண்டாத நூல் ஒன்றைக் கேட்கும்.

6. மூலைகளும் அளவும்

பட்டை திரும்பும் மூலையைக் கூராகவோ, வட்டமாகவோ, தட்டையாகவோ அமைக்கலாம். கூர் மூலையில் ஒரு நுட்பம் உண்டு. கோணம் மிகக் குறுகினால் கூர் நீண்டு முள்ளாக வளர்ந்துவிடும். இதனைத் தடுக்க மைட்டர் லிமிட் என்னும் எல்லை உண்டு. எஸ்.வி.ஜி. என்னும் பொதுத்தரக் கோப்பில் நாம் வேறு சொல்லாவிடில் அவ்வெல்லை 4. அதாவது சுமார் 29 பாகைக்குக் குறைந்த கோணத்தில் கூர் தானே தட்டையாக வெட்டப்படும். ஒரே கரையில் சில இலைகள் கூராகவும் சில மொட்டையாகவும் தோன்றினால் காரணம் இதுவே. எல்லா மூலைகளையும் வட்டமாக வைத்துவிட்டால் இவ்வேற்றுமை நேராது.

விளிம்பின் பருமனைத் தறியின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். அங்குலத்திற்கு 100 பாவிழை உள்ள துணியில் ஓர் இழைக்குக் கிடைக்கும் இடம் கால் மில்லிமீட்டர் அளவே. 1 மில்லிமீட்டர் விளிம்பு ஏறக்குறைய 4 இழைகளில் அமையும், தெளிவாகத் தெரியும். 0.2 மில்லிமீட்டர் விளிம்போ ஓர் இழைக்கும் போதாது. கட்டத்தில் ஏற்றும்போது அறுந்து அறுந்து தோன்றும்.

சித்திரத்தைச் சிறிதாக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். பருமனும் சேர்ந்து சுருங்க வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு இங்க்ஸ்கேப்பின் மேற்பட்டையில் ஒரு பொத்தான் உண்டு. அது அணைந்திருக்கையில் பெயர்ப்பலகைச் சித்திரத்தை லேபிள் அளவுக்குச் சுருக்கினால், கோடுகளின் இடைவெளி குறையும், பருமன் குறையாது, பட்டைகள் ஒன்றன்மேலொன்று ஏறி அடைந்துபோகும்.

7. பருமனை வடிவமாக மாற்றுதல்

ஸ்டிக்கர் வெட்டும் பொறியும் லேசர் வெட்டும் பொறியும் ஆடையைப் பார்ப்பதில்லை, கயிற்றையே பின்பற்றும். 6 மில்லிமீட்டர் பட்டையைக் கொடுத்தால் அதன் நடுவே ஒரே ஒரு கீறல் போடும். ஆகவே பருமனை மெய்யான வடிவமாக மாற்றித் தரவேண்டும். இங்க்ஸ்கேப்பில் இதன் பெயர் ஸ்ட்ரோக் டு பாத். இல்லஸ்ட்ரேட்டரில் அவுட்லைன் ஸ்ட்ரோக். கோரல்டிராவில் கன்வெர்ட் அவுட்லைன் டு ஆப்ஜெக்ட்.

மாற்றிய பின் வேலை முடிந்ததாக எண்ணிவிடலாகாது. இரு பட்டைகள் குறுக்கிடுமிடத்தில் இரண்டின் விளிம்புகளும் இன்னும் தனித்தனியே உள்ளன. பொறி இரண்டையும் வெட்டும். சந்தியிலுள்ள சதுரம் தனித் துண்டாகக் கழன்று விழும். இதனைத் தவிர்க்க, வடிவங்களை ஒன்றாக உருக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பில் அதன் பெயர் யூனியன், கோரல்டிராவில் வெல்டு. இங்க்ஸ்கேப்பில் மாற்றியவை குழுவாக வந்தால், முதலில் குழுவைப் பிரித்துவிட்டு யூனியன் செய்யுங்கள்.

இவ்விடத்தில் பலர் ஏமாறுவது கம்பைன் என்னும் கட்டளையால். பெயரைக் கண்டு இதுவும் சேர்ப்பதுதானே என்று எண்ணலாம். இது பட்டைகளை ஒரே பெயரின்கீழ்க் கட்டுமேயன்றி உருக்காது. நிறம் நிரப்பும் விதியைப் பொறுத்து, மேற்பொருந்திய இடம் ஓட்டையாகவும் ஆகிவிடும். நெற்கட்டுகளைக் கயிறிட்டுக் கட்டுவது வேறு. நெல்லை ஒரே குவியலாகக் கொட்டுவது வேறு. நமக்கு வேண்டியது குவியல்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி இது: வடிவமாக மாற்றிய பட்டைக்கு நடுக்கோடு இல்லை. பிறகு அதன் பருமனைக் கூட்டவோ குறைக்கவோ, வளைவைத் திருத்தவோ எளிதில் இயலாது. ஆதலின் நடுக்கோடுகள் உள்ள மூலக்கோப்பைத் தனியே பத்திரப்படுத்தி, படியெடுத்த கோப்பில் மட்டும் மாற்றமும் உருக்கலும் செய்யுங்கள். விதைநெல்லை ஒதுக்கி வைத்த பிறகே மிச்சத்தை அரைக்கக் கொடுப்பது நம் வழக்கமன்றோ!

8. அனுப்புமுன் சோதனை

கோப்பை வெளியே அனுப்புமுன் இங்க்ஸ்கேப்பில் வியூ என்னும் பகுதியில் டிஸ்ப்ளே மோடை அவுட்லைன் என மாற்றிப் பாருங்கள். ஆடைகள் யாவும் களைந்து கயிறுகள் மட்டும் மெல்லிய கோடுகளாகத் தெரியும். உருக்கிய வடிவமாயின் சந்திகளின் உள்ளே குறுக்குக்கோடு ஒன்றும் இருத்தல் கூடாது. இருக்குமாயின் அங்கே யூனியன் விடுபட்டுள்ளது என்று அறிக. அதன் பிறகு மெய்யான அளவில் ஒரு தாளில் அச்சிட்டு, படத்தை வரையாத மற்றோர் அங்கத்தினரிடம் காட்டி, எது மேலே, எது கீழே, எது கலக்கிறது என்று கேளுங்கள். அவர் தயங்காமல் சொன்னால் படம் சரி.

பயிற்சி

1. அடிப்பட்டை 8 மில்லிமீட்டர், உள்பட்டை 5 மில்லிமீட்டர். ஒருபுற விளிம்பு எவ்வளவு?

2. அங்குலத்திற்கு 80 பாவிழை உள்ள துணியில் அவ்விளிம்பு எத்தனை இழைகளில் அமையும்?

3. ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து பிரியும் இரு கிளைகள், ஒரு கிளையின்மேல் கடந்து செல்லும் ஒரு தொட்டிப்பாலம் ஆகியவற்றை வரைக. வரிசையை அடியிலிருந்து மேலாக எழுதிக் காட்டுக.

விடை: முதலாவதற்கு 1.5 மில்லிமீட்டர். இரண்டாவதற்கு 5 இழைக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவதற்கு: தாய், கிளைகள் ஆகியவற்றின் அடிப்பட்டைகள், அவற்றின் உள்பட்டைகள், பாலத்தின் அடிப்பட்டை, பாலத்தின் உள்பட்டை.

சுருங்கக் கூறின், உறவை முதலில் தீர்மானிக்க, வரிசையை அதற்கேற்ப அமைக்க, நடுக்கோட்டைக் காக்க, உருக்குவதைக் கடைசியில், படியில் மட்டும் செய்க. இந்நான்கையும் கைக்கொள்ளும் சங்கத்தின் சித்திரங்கள் தறியிலும் அச்சிலும் வயற்காட்டிலும் உள்ளதை உள்ளபடி காட்டும். அங்கத்தினர் ஒருவர் கற்றதை மற்றவருக்கும் கற்பிப்பாராக.